கடுகுச் சத்தம்

வெற்றிச்செல்வி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எஞ்சின் அனுப்பும் எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். முத்தமிழ் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான். திரைப் பக்கம் திரும்ப மாட்டான். பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் போகும் நாலுவழிச் சாலையில் விடிந்ததும் லாரி குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கணவனும் மனைவியும் அடுத்தவர்களின் கார்களைச் சோதித்தார்கள்.

ஒரு விதி இருந்தது. அவள் "கால எடு" என்றால் அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் ஒரு பிஸ்டன் ஓட்டையானது.

டர்போ வைத்த வண்டி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. திணிக்கும் அழுத்தத்தைக் கூட்டினால் இழுவை கூடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் பற்றாமல் போனால் உள்ளே சூடு ஏறி, நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் தாங்காது. அதனால் முத்தமிழ் முதலில் பெட்ரோலைக் கூட்டுவான், பிறகுதான் காற்றை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். கூட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பான். எண்கள் சரியாக இருந்தால் மறுபடி கொஞ்சம்.

நேரம் தவறிய வெடிப்புக்கு ஒரு சத்தம் உண்டு. எண்ணெயில் கடுகு பொரிவது போல இருக்கும். லேப்டாப்பில் தெரிவதற்கு முன்பே அது வெற்றிச்செல்வியின் காதில் விழுந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை சோதித்தது அவள் தம்பி அறிவரசனின் வெள்ளைக் கார். அவன் பின்சீட்டிலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

"போதும் மச்சான்."

"யக்கா, நீயாச்சும் சொல்லு."

"நான் நம்பரத்தான் சொல்லுவேன். வேற எதுவும் சொல்ல மாட்டேன்."

"அரியலூர் ரோட்ல சிமெண்டு லாரிய முந்தணும் மாமா. ஒண்ண முந்துனா முன்னாடி நாலு நிக்குது. கல்யாணம் ஆன மொத ஆடி. மாமியா வூட்டுக்கு ஊந்துகிட்டா போறது?"

"மாமியா வூடு எங்கயும் ஓடிப் போயிடாது."

"ஒங்க மாமியா வூடு ஒங்க பட்டறைக்குப் பின்னாடியே இருக்கு. எங்க கஷ்டம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

முத்தமிழ் சிரித்துவிட்டான். சிரித்ததும் இளகினான். ஓரமாக நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஏற்றினான். மறுபடி ஓட்டினார்கள். வெற்றிச்செல்வி எண்களைச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் இனி ஒரு சின்னத் தவறுக்கும் அந்த எஞ்சினில் இடமில்லை. அது இருவருக்கும் தெரியும். லேப்டாப்பை மூடும்போது அவள் அவனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான்.

*

மறுநாள் ஆடி வெள்ளி. காற்று நிற்கவே இல்லை. துறைமங்கலத்துக்கு வெளியே இருந்த பட்டறையின் தகரக் கூரை தடதடத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டை மக்காச்சோளத்துக்கு உழுது போட்டிருந்தார்கள். புழுதி பட்டறைக்குள் வந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது.

உள்ளே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று அறிவரசனின் வெள்ளைக் கார். மற்றது லப்பைக்குடிக்காட்டு அன்சாரி பாயின் கறுப்புக் கார். பாய் துபாயில் சம்பாதித்து வந்து ஜவுளிக் கடை வைத்திருப்பவர். வண்டி வேலை முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

முத்தமிழ் இரண்டு கார்களின் ஏர் ஃபில்டரையும் கழற்றிப் புழுதியைத் தட்டி வைத்திருந்தான். குழாயில் காற்றுக் கசிகிறதா என்று காதால் கேட்பதற்காக இரண்டு எஞ்சினையும் அப்படியே ஓடவிட்டிருந்தான். காற்றை இழுக்கும் குழாய்கள் மூடியில்லாமல் திறந்திருந்தன.

"முத்தமிழ், வாங்க. ஒரு டீய குடிச்சிட்டு வந்துடுவோம்" என்றார் பாய்.

"வண்டி ஓடிட்டிருக்கு பாய்."

"ஓடட்டுமே. நாம பாக்கலன்னா அது கோவிச்சுக்கிட்டு நின்னுடுமா?"

போனார்கள்.

சிந்தாமணி பின்பக்கத்திலிருந்து தூபக்காலோடு வந்தாள். வெற்றிச்செல்விக்கும் அறிவரசனுக்கும் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் பட்டறைக்குச் சாம்பிராணி போடுவாள். அன்று மகன் வண்டி வெளியே கிளம்புகிற நாள். யார் கண்ணும் படக் கூடாது. திறந்திருந்த எஞ்சினுக்கு மேல் தூபக்காலைப் பிடித்தாள்.

புகை மேலே எழும்பவில்லை. வளைந்து, குழாயின் வாய்க்குள் போனது. அவள் கையை நகர்த்தினாள். அப்போதும் அங்கேதான் போனது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொரு பிடி சாம்பிராணியைக் கங்கின் மேல் போட்டாள். கொஞ்சம் திருநீற்றை எடுத்து அந்த வாயிலும் தூவினாள். அதையும் வண்டி வாங்கிக்கொண்டது. பாய் வண்டியை விட மனம் வரவில்லை. அதற்கும் காட்டினாள்.

டீ குடித்துவிட்டு வந்த முத்தமிழ் மூக்கை உறிஞ்சினான்.

"வாசனையா இருக்கே அத்த."

"வெள்ளிக்கெழமைல்ல மாப்ள. ஆத்தா இன்னிக்கி மனசார ஏத்துக்கிட்டா."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஃபில்டர்களைப் பொருத்தி மூடினான்.

கை வைத்த வண்டியை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அவன் வெளியே விடுவதில்லை. வெள்ளைக் காரின் சாவியை எடுத்தான்.

"மாப்ள, பத்தரைக்கு ராகு காலம்" என்றாள் சிந்தாமணி. "புதுப் பொண்ணு. மொத ஆடி. அதுக்குள்ள கெளம்பிடட்டும்."

"அஞ்சு நிமிசம் அத்த."

"நேத்துதான பாத்தீங்க மாமா?" என்றான் அறிவரசன். "நேத்து நல்லா இருந்தது இன்னிக்கிக் கெட்டுப் போயிடுமா?"

அவன் மனைவி இலக்கியா அதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தாள். அரியலூர்ப் பெண். மடியில் பூவும் பழமும் இருந்த பை. முத்தமிழ் சாவியைக் கொடுத்தான். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் அரியலூர் ரோட்டில் திரும்பியது.

*

பாய் வண்டியைச் சோதிக்க இருவரும் கிளம்பினார்கள். பாய் பட்டறையில் இருந்தார். பைபாஸில் ஏறி முத்தமிழ் பாதிதான் மிதித்தான்.

"கால எடு."

எடுத்தான். வண்டி தானாக வேகம் குறைந்து ஓரம் வந்தது.

"கடுகா?"

"ஆமாம். கலவையும் வறண்டு கெடக்கு. பெட்ரோலே பத்தல."

"போன தடவ ஓட்டுனப்ப சரியா இருந்துச்சே."

"இருந்துச்சு."

இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கினான். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. முடி போன்ற கம்பி. உள்ளே போகும் காற்றை அதுதான் அளக்கிறது. அளந்து சொன்ன கணக்குக்குத்தான் பெட்ரோல் வரும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கம்பியின் மேல் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதன் மேல் சாம்பல். காற்றை அது குறைத்துச் சொல்லியிருக்கிறது. பெட்ரோலும் குறைவாக வந்திருக்கிறது.

அவளிடம் நீட்டினான். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"சாம்பிராணி" என்றாள்.

ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்றில் அவள் முந்தானை விலகியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"தம்பி வண்டியும் பக்கத்துலதான நின்னுச்சு?"

அவன் தலையசைத்தான்.

"மெதுவாப் போனா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது. வண்டியே சமாளிச்சுக்கும். முழுசா மிதிச்சாத்தான்."

"மிதிச்சா?"

"பிஸ்டன் போவும். ஓடுற வேகத்துல எஞ்சின் இறுகி நின்னுடும். முந்தும்போது இறுகுனா..."

முந்துவதற்குத்தான் அறிவரசன் அந்த இழுவையைக் கேட்டான். இவன் கொடுத்தான்.

*

கறுப்புக் காரை ஊர்ந்தபடி பட்டறைக்கு ஓட்டி வந்தார்கள். வழியெல்லாம் வெற்றிச்செல்வி தம்பிக்குப் போன் போட்டாள்.

"கட் பண்றான்."

"திரும்பப் போடு."

"கட் பண்றான். நீங்க திட்டப் போறீங்கன்னு நெனைக்கிறான். இலக்கியா போன் ஆஃப்ல இருக்கு."

பட்டறை வாசலில் பாய் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார்.

"கட் பண்றான்னா நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்? உக்காரும்மா. இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆவாது."

முத்தமிழ் சென்சாரைக் கழற்றி ஸ்பிரே அடித்தான். ஒருமுறை அடித்ததில் பழுப்பு போகவில்லை. மறுபடி அடித்தான்.

சிந்தாமணி துணி துவைத்த கையோடு வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"வண்டிக்குள்ள சாம்பிராணி காட்டுனியாம்மா?"

"காட்டுனேன். எப்பவும் காட்டுறதுதான?"

"எப்பவும் மூடியிருக்கும்மா. இன்னிக்கித் தெறந்து கெடந்துச்சு. பொகை பூராவும் உள்ள போயிருக்கு."

"அதுவாத்தான் இழுத்துக்கிச்சு. நான் ஊதி வுடலடி. நல்ல சகுனம்னு இல்ல நெனச்சேன்."

"அம்மா..."

"சாமிக்குக் காட்டுற பொகை. அது என்னடி பண்ணும்?"

வெற்றிச்செல்வி சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். சிந்தாமணி மகளைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"மாப்ள, எம் புள்ளைய நானே..."

"இல்ல அத்த. ஓட வுட்டுட்டு டீ குடிக்கப் போனது நான்."

"கூப்புட்டது நானு" என்றார் பாய்.

வெற்றிச்செல்வி மறுபடி போன் போட்டாள். காதில் வைத்திருந்தாள். பாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கட் பண்ணல" என்றாள். "முழுசா அடிச்சு நின்னுடுச்சு."

கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. அவள் மறுபடி போட்டாள். அதுவும் முழுசாக அடித்து நின்றது.

"நாம பின்னாலயே போயிடுவோங்க."

"இது காயணும். ஈரத்தோட கரண்டு குடுத்தா கம்பி போயிடும்."

சிந்தாமணி இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்தாள். ஒரு நம்பரை அழுத்தினாள். இரண்டு ரிங் போனதும் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா பண்ற? அடிக்க வுட வேண்டியதுதான?"

"எனக்கு எடுக்க மாட்டான். ரெண்டு ரிங் வுட்டு நிறுத்துனா அவனே கூப்புடுவான். எப்பவும் அப்படித்தான்."

காசு மிச்சம் பிடிக்க என்றோ தொடங்கியது. அவன் சம்பாதிக்கத் தொடங்கியும் அவள் மாற்றவில்லை. போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நால்வரும் அந்தச் சின்ன போனைப் பார்த்தார்கள்.

அது அடித்தது.

வெற்றிச்செல்வி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சொல்லும்மா. சாப்டியா?" பின்னால் பாட்டு, காற்று, லாரியின் உறுமல். "நாங்க பேரளி தாண்டிட்டோம். இரும்மா, இத ஒண்ண முந்திக்கிறேன்."

"மெதுவாங்க" என்று இலக்கியாவின் குரல் கேட்டது.

எஞ்சின் சத்தம் ஏறியது. அதற்குள் இன்னொரு சத்தம். பொடியாக, வறட்டுச் சத்தம்.

"கடுகு" என்றாள் வெற்றிச்செல்வி.

மகள் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்து என்ன சொல்வாள் என்று சிந்தாமணிக்குத் தெரியும். பட்டறையில் கேட்டுக் கேட்டுப் பழகியது. போனை வாயருகே கொண்டுபோய்க் கத்தினாள்.

"கால எடுடா!"

எஞ்சின் சத்தம் சட்டென்று விழுந்தது. நீளமாக ஒரு ஹாரன். அது லாரி ஹாரன் இல்லை, பஸ் ஹாரன். இலக்கியா ஏதோ கத்தினாள். லைன் போய்விட்டது.

"எடுத்துட்டான்" என்றார் பாய். "எடுத்துட்டான்ல? அவ்வளவுதான. அல்ஹம்துலில்லாஹ்."

முத்தமிழின் முகம் மாறவில்லை.

"முந்திட்டு இருந்தான் பாய்."

"அதனால?"

"எதுர்ல பஸ்சு. பாதியில கால எடுத்தா அவன் எங்க போவான்?"

சிந்தாமணி போனைப் பார்த்தாள். அதைத் தரையில் வைத்துவிட்டு அதிலிருந்து ஓரடி விலகி நின்றாள்.

*

முத்தமிழ் ஈர சென்சாரை இருந்த இடத்தில் செருகி, ஒயரை மட்டும் கழற்றிவிட்டான். ஒயர் இல்லாவிட்டால் வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். ஓடும், ஆனால் இழுக்காது.

பாய் பட்டறையில் இருந்துகொண்டார். "போன் வந்தா சொல்றேன். போங்க, போங்க."

மற்ற மூவரும் கறுப்புக் காரில் கிளம்பினார்கள். முத்தமிழ் அடி வரை மிதித்தான். வண்டி ஊர்ந்தது. மொபெட்டில் பால் கேனோடு போனவர் அவர்களை முந்திக்கொண்டு போனார். எதிரே அரியலூரிலிருந்து சிமெண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் வெற்றிச்செல்வி பார்த்தாள். விபத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லா முகமும் அப்படித்தான் தெரிந்தது.

தம்பியின் எண் இப்போது அணைந்திருந்தது.

"நான் கத்தியிருக்கக் கூடாது மாப்ள" என்றாள் சிந்தாமணி பின்சீட்டிலிருந்து.

"கத்துனது சரிதான் அத்த."

"நெசமாவா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது.

பேரளிக்கு முன்னால் ரோட்டோரத்தில் கூட்டம். முப்பது நாற்பது பேர். பெண்கள் தலையில் முந்தானை போட்டிருந்தார்கள். ரோட்டின் பாதி வரை நின்றார்கள். சிந்தாமணி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்யோ. நிறுத்துங்க. நிறுத்துங்க."

முத்தமிழ் நிறுத்தினான். அவள் கதவைத் திறந்து ஓடினாள். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினாள். நடுவில் ஒரு அண்டா. ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா தள்ளுற? எல்லாருக்கும் கெடைக்கும். சொம்பு கொண்டாந்தியா?"

அவள் வெறும் கையை விரித்துக் காட்டினாள். திரும்பி வந்து காரில் ஏறினாள். கதவைச் சாத்த முடியவில்லை. வெற்றிச்செல்வி இறங்கி வந்து சாத்தினாள்.

*

பேரளி தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. அதற்கு முன்னால் ஒரு லாரி. காரில் கீறல் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை.

இலக்கியா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூவும் பழமும் காருக்குள் சிதறிக் கிடந்தன. அறிவரசன் தரையில் குத்த வைத்திருந்தான். லாரி டிரைவர் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மாவா நீங்க?" என்றார் டிரைவர். "ஒங்க புள்ள மறுபொறவி எடுத்திருக்கான். எம் பக்கத்துல வந்து பாதியில தொங்கிட்டான். எதுர்ல பஸ்சு. நான் பிரேக்க மிதிக்கலாம்னு நெனச்சேன். மிதிச்சா ரெண்டும் ஒண்ணா நின்னுருக்கும். அதனால ஆக்ஸிலேட்டர மிதிச்சு முன்னாடி போயிட்டேன். பின்னாடி எடம் கெடச்சு நொழைஞ்சான். கண்ணாடிய பஸ்சு கொண்டுக்கிட்டுப் போயிடுச்சு."

சிந்தாமணி மகனின் தலையைத் தொட்டாள். முகத்தைத் தொட்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மாமா கொஞ்சம் கூட்டி வைக்கிறாரு, அந்த மச்சான் முழுசா மிதிக்கிறாரு" என்றாள் இலக்கியா. எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை. "நடுவுல நான் எதுக்கு உக்காந்திருந்தேன்?"

வெற்றிச்செல்வி போய் அவள் கையைப் பிடித்தாள். இலக்கியா விடுவித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பிடித்துக்கொண்டாள்.

"போன் கீழ விழுந்து அணைஞ்சிடுச்சு மாமா" என்றான் அறிவரசன். "கால எடுக்காம இருந்திருந்தா முந்திருப்பேனா?"

"தெரியல மச்சான்."

"அம்மா கொரல் கேட்டுச்சு. கால் தானா வந்துடுச்சு. நான் எடுக்கல."

முத்தமிழ் வெள்ளைக் காரின் ஒயரையும் கழற்றிவிட்டான். இரண்டு கார்களும் பெரம்பலூருக்கு ஊர்ந்து வந்தன. அரியலூருக்கு நாளைக்குப் பஸ்ஸில் வருகிறோம் என்று இலக்கியா தன் அம்மாவிடம் போனில் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

பட்டறையில் முத்தமிழ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். மூன்றாவது பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினான். வெள்ளைப் பீங்கானில் மணல்போலப் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. அறிவரசன் அருகில் வந்தான்.

"அது என்ன மாமா?"

"பிஸ்டன்."

அறிவரசன் அதை வாங்கிப் பார்த்தான். விரலால் தேய்த்தான். போகவில்லை.

"கம்பெனியில குடுத்த மாதிரியே மாத்திடுங்க."

"மாத்திட்டேன்" என்றாள் வெற்றிச்செல்வி. லேப்டாப் அவள் மடியில் ஏற்கெனவே திறந்திருந்தது.

*

சோறு பிந்திப் போனது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையில் வைத்த பருப்பு தாளிக்காமல் இருந்தது. பாயையும் விடவில்லை. எல்லோரும் சிந்தாமணி வீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெற்றிச்செல்வி சோறு போட்டாள்.

"பருப்பு வரட்டும்" என்றார் பாய். "வெறுஞ்சோறு எறங்காது."

அடுப்படி அங்கிருந்தே தெரியும். சிந்தாமணி கரண்டியில் எண்ணெய் ஊற்றினாள். காய்ந்ததும், பழக்கத்தில், கடுகை எடுத்துப் போட்டாள்.

பொரிந்தது.

அறிவரசனின் வலது கால் மடிந்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டது. முத்தமிழின் காலும். இலக்கியா கண்ணை மூடிக்கொண்டாள். சிந்தாமணி திரும்பிப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தட்டை எடுத்துக் கரண்டியின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடு ஏறியும் கையை எடுக்கவில்லை.

தட்டுக்கு அடியில் அது பொரிந்துகொண்டே இருந்தது. அடங்கும் வரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.